கொடியில் விழுந்த நீலம்

என் வீட்டு வாசலில் நான் செய்யும் ஒரு வேலையின் தூசி எங்கே போய் விழும் என்பதை, அந்த வேலையைத் தொடங்கும் முன்பே நான் ஏன் கேட்டுக்கொள்ளவில்லை? வேறு யாராவது என்றால் இந்தக் கேள்வியிலிருந்து தப்பித்திருக்கலாம். எனக்கு அந்த வசதி கிடையாது. சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் தொழிலாளர் உடல்நலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆலங்குளம் பக்கம் கல் உடைப்பவர்களிடமும் நூற்பு ஆலைகளில் பஞ்சுக்கு நடுவே நிற்பவர்களிடமும் போய், தூசி உடம்புக்குள் எப்படி நுழைகிறது என்று படம் வரைந்து விளக்குவதுதான் என் தொழில்.

கதை ஒரு காரில் தொடங்குகிறது. என் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருத்துவருக்கு ஓட்டுநராக இருந்தவர். மருத்துவர் முதுமையில் மகன் வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, தம்முடைய அம்பாசிடர் காரை அப்பாவின் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதை ராஜபாளையத்துக்கு ஓட்டிவந்து எங்கள் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். கொஞ்ச காலம் ஓடியது. பிறகு அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் வலது கண் மங்கியது. எனக்கு வேலை, படிப்பு என்று நாட்கள் போயின. எட்டு மழைக்காலங்களை அந்த வண்டி வெட்டவெளியில் நின்றபடியே கழித்தது. வேம்பின் பிசினும் காக்கை எச்சமும் வெயிலும் சேர்ந்து அதன் மேனியைச் சுண்ணாம்பு பூசிய சுவர்போல ஆக்கிவிட்டன.

பதிவைப் புதுப்பிக்கும் கெடு நெருங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த முறை தவறினால் வண்டி பழைய இரும்புக்குத்தான் போகும். எஞ்சினைச் சரிபார்த்து, நானே ஓட்டிக்கொண்டு அப்பாவுடன் ஸ்ரீவில்லிபுத்தூர் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். ஆய்வாளர் விளக்கு, பிரேக், ஹாரன் எல்லாம் பார்த்தார். கடைசியாகப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, வண்டியையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புக்குல நீலம்னு போட்டிருக்கு. இது என்ன கலர்?"

"நீலந்தான் சார். வெயில்ல செத்த வெளுத்திருச்சு" என்றார் அப்பா.

"எனக்குத் தெரியலையே."

"கிட்டத்துல வந்து பாருங்க சார்."

அவர் கிட்டத்தில் வந்து பானெட்டின் மேல் ஒரு விரலை இழுத்தார். விரல் நுனியில் வெள்ளைப் பொடி ஒட்டியது. அதை அப்பாவிடம் காட்டினார். "இத நீலம்னு எழுதுனா என் வேலை போயிரும் பெரியவரே. மத்ததெல்லாம் சரியா இருக்கு. ஒரு மாசம் இருக்கு, நீலமாக் கொண்டாங்க. வேற கலர் அடிக்கிறதா இருந்தா முதல்ல எழுதிக் குடுத்து புக்குல மாத்திக்கோங்க."

அவர் சொன்னதில் தவறில்லை. திரும்பி வரும் வழியில் அப்பா ஒரு யோசனை சொன்னார். "மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஒரு தொட தொடச்சா பளபளன்னு வந்துரும்லே. கல்யாண வண்டிக்கெல்லாம் அப்படித்தான் செய்வோம்."

"எம்புட்டு நேரம் நிக்கும்?"

"தாலி கட்டுறவரைக்கும் நிக்கும்."

எண்ணெய்ப் பளபளப்பு எனக்கு வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன். முழுவதையும் சுரண்டிவிட்டுப் புதுப் பெயிண்ட் அடிப்பதும் வேண்டாம். தென்காசி சாலையில் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். என்னைவிட வயதில் சிறிய பெயிண்டர் ஒருவர். அவர் வண்டியைச் சுற்றிவந்து, டிக்கி மூடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் தெளித்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டு என்னும் மெருகுப் பசையால் துலக்கிக் காட்டினார். வெள்ளை மேனிக்கு நடுவே ஒரு துண்டு வானம் தெரிந்தது.

"மேல்தோல்தான் செத்திருக்கு சார். அடியில பெயிண்ட்டு கனமா இருக்கு. தண்ணி விட்டுப் பொறுமையாத் தேச்சு எடுங்க. விளிம்புல மட்டும் கை அழுத்தாதிய, அடிப்பூச்சு பிரைமர் வெளிய வந்துரும்."

அந்த ஒரு துண்டு நீலத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. முழு வண்டியையும் என் கையாலேயே அந்த நிறத்துக்குக் கொண்டுவருவது என்று உறுதி எடுத்தேன்.

ஆனால் பெயிண்டர் சொன்னதில் ஒன்றை நான் மாற்றினேன். எங்கள் தெருவுக்கு நகராட்சித் தண்ணீர் வாரத்தில் இரண்டு நாள்தான் வரும். குடத்தோடு நிற்கும் பெண்களைக் கடந்து, ஒரு காரைத் தேய்ப்பதற்காக வாளி வாளியாகத் தண்ணீரை நான் கொட்டுவதா? நாலு பேரின் குடிநீரை ஒரு வண்டியின் அழகுக்குச் செலவிடுவது நியாயமில்லை என்று தோன்றியது. உப்புத்தாளைத் தண்ணீரில்லாமலே பயன்படுத்தலாம் என்று படித்திருந்தேன். வேலையும் விரைவில் முடியும். தூசி பறக்கும், அதற்கு முகக்கவசம் இருக்கிறது. யோசித்து எடுத்த முடிவு இது. அந்த யோசனைக்குள் என் மூக்கு மட்டும்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர். அதற்கு அப்பால் ஒரு அக்கா வீட்டு முற்றம். சலவையாகி ஈரத்தோடு வரும் பேண்டேஜ் துணியை அவர் வாங்கிவந்து, முற்றத்தில் கொடி கட்டிக் காயவைத்து, வெட்டி, சிறு சுருள்களாகச் சுற்றிக் கொடுப்பார். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இந்த வேலை உண்டு. தனியாக இருக்கும் அவருக்கு வருமானம் என்பது அந்தத் துணிதான். துணி தரும் முதலாளி கண்டிப்பானவர். மஞ்சள் கறை பட்ட ஒரு கட்டுக்காக, இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு பெண்ணுக்கு அவர் துணி கொடுப்பதையே நிறுத்திவிட்டது எல்லோருக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். ஆகவேதான் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். அக்கா கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவார். வந்த பிறகும் துணியைத் தொடமாட்டார். அன்று அவர் முற்றத்தில் கொடி ஆடி நான் பார்த்ததே இல்லை. முதல் ஞாயிறு கதவுகளைத் தேய்த்தேன். காற்று இல்லை, தூசி என் காலடியிலேயே விழுந்தது. துடைப்பதற்கு, எங்கள் ஊரில் எல்லோருடைய கையும் முதலில் போவதுபோல, மில் பஞ்சுக் கழிவை எடுத்தேன். அதில் ஒட்டியிருந்த பருத்திக்கொட்டைத் துணுக்குகள் இடது கதவில் வளைவு வளைவாகக் கீறல் போட்டன. அதைத் தவிர எல்லாம் நன்றாகவே நடந்ததாக நினைத்தேன்.

இரண்டாவது ஞாயிறு கூரையும் பானெட்டும். ஆடி பிறந்திருந்தது. மேற்கே அய்யனார் கோவில் மலைப் பக்கமிருந்து காற்று விடாமல் இறங்கியது. நான் அதை வரவேற்றேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். தேய்க்கத் தேய்க்கத் தூசியைக் காற்றே அள்ளிக்கொண்டு போனதால், துடைக்கும் வேலை மிச்சமானது. மாலைக்குள் கூரை முழுவதும் மங்கலான நீலமாகியிருந்தது. அப்பா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நல்ல கண்ணால் பார்த்தார். "பரவால்லலே. படிச்ச பயலுக்குக் கை வேலையும் வருது" என்றார்.

திங்கட்கிழமை காலை நான் பேருந்துக்குக் கிளம்பும் நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, செத்த இங்க வாங்க."

போனேன். முற்றத்தில் எட்டுக் கொடிகள். எட்டிலும் வெள்ளைத் துணி. ஒரு துணியின் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராக விரித்துக் காட்டினார் அக்கா. வலைபோன்ற அந்த இழைகளுக்கு நடுவே, ஊசிமுனை அளவில், நீலம். ஒன்று இரண்டல்ல, மேற்கு ஓரத்தில் அடர்ந்தும் கிழக்கே போகப் போகக் குறைந்தும், காற்றின் திசையை வரைந்து காட்டியதுபோல.

"இது எங்கிருந்து வந்துச்சுன்னு ராத்திரி மழை பெஞ்சிருந்தா அதக் கேக்கலாம், மழையே இல்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே என்னைத் தாக்கியது.

"நேத்து கொடி போட்டிருக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்க்கா, எட்டிக்கூடப் பாக்கல."

"நேத்துப் போடல. சனிக்கிழமை போட்டது. சாயங்காலம் தொட்டுப் பாத்தேன், ஈரம் போகல. ஞாயித்துக்கிழமை போடவும் மாட்டேன், எடுக்கவும் மாட்டேன். கெடக்கட்டும், இன்னும் நல்லாக் காயும்னு விட்டுட்டுக் கோயிலுக்குப் போயிட்டேன்."

அவருடைய ஓய்வுநாளை நம்பி நான் தேய்த்தேன். அதே ஓய்வுநாளை நம்பி அவர் துணியை விட்டுவைத்தார்.

அக்கா உள்ளே போய் ஒரு துண்டைச் சோப்புப் போட்டுக் கசக்கிக் கொண்டுவந்தார். புள்ளிகளில் பாதி மறைந்திருந்தது. மீதி இழைக்குள் தேய்ந்து இன்னும் மெல்லிய நீலமாகப் பரவியிருந்தது. நாற்காலியில் ஏறிச் சுவருக்கு மேலே தலையை நீட்டிய அப்பா, "வெள்ளைத் துணிக்கு நீலம் போடுறது நல்லதுதானம்மா? நாமதான காசு குடுத்துச் சொட்டு நீலம் வாங்குறோம்" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு சொன்னார்:

"ரெண்டு தடவ அலசுனா ஒண்ணும் தெரியாது. சுருட்டிட்டா உள்ள போயிரும். யாரு பிரிச்சுப் பாக்கப் போறா?"

பிரித்துப் பார்க்கப்போகிறவர்களை எனக்குத் தெரியும். கல் விழுந்து கால் பிளந்தவர், தறியில் விரல் கொடுத்தவர். "அக்கா, இது சாயம் இல்ல. அந்தக் காலத்துப் பெயிண்ட்டு. ஈயம் கலந்திருக்க வாய்ப்பு இருக்கு. இது காயத்து மேல போகக் கூடாது."

"இருக்கலாம்னுதான சொல்றிய? இருக்குன்னு சொல்லலையே."

"இல்லைன்னும் என்னால சொல்ல முடியாதே."

சிரிப்பு நின்றது. "உங்களுக்கென்ன தம்பி. படிச்சவுக. சரியாப் பேசிட்டு ஏழே முக்கால் பஸ்ஸுக்குப் போயிருவிய. துணி நின்னா நான் எங்க போறது? அந்தப் புள்ளைக்கு நிறுத்துனாகளே, அவ இப்ப என்ன செய்றாள்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. கேட்டதும் இல்லை. என் முன் இருந்தவை இரண்டே வழிகள். பேசாமலிருந்தால் அக்காவின் வேலை பிழைக்கும். யார் காயத்திலோ என் காரின் தூசி சேரும். பேசினால், தவறே செய்யாத ஒருவருடைய சோறு நிற்கலாம். சரியான வழி எது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. அதற்கான விலையை அவர் தலையில் ஏற்றிவிட்டு நான் நேர்மையானவன் என்று நடந்துபோக முடியாது என்பதிலும் குழப்பம் இல்லை. "நான் பஸ்ஸுக்குப் போகல. முதலாளிகிட்டப் போறேன். நான்தான் செஞ்சேன்னு சொல்றேன். நீங்களும் வாங்க, இல்லாட்டி நான் மட்டும் போறேன்" என்றேன்.

 அக்கா கொடிகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார். "நீங்க மட்டும் போனா, நான் அனுப்புனேன்னு நெனப்பாரு. சேலை மாத்திட்டு வாரேன்."

அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, துணிக்கட்டை என் பைக்கில் கட்டிக்கொண்டு போனேன். அக்கா ஆட்டோவில் வந்தார். முதலாளியின் கூடம் சத்திரப்பட்டி போகும் பாதையில் இருந்தது. நடுத்தர வயதுக்காரர். தம்முடைய ஆட்களிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் தமிழுக்கு மாறி, "என்னக்கா, சுருளாத்தான வரணும், துணியா வருது?" என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். கார், உப்புத்தாள், காற்று, ஈயம் எல்லாம். அவர் இழை எண்ணும் சிறு லென்ஸைத் துணியின் மேல் வைத்துக் குனிந்து, நான்கைந்து இடங்களில் பார்த்தார். நிமிரும்போது முகம் இறுகியிருந்தது.

"நீங்க ஞாயித்துக்கிழமை துணி போடமாட்டீகளே" என்றார் அக்காவிடம்.

"சனிக்கிழமை போட்டது. காயல. மறுநா எடுக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

"எடுக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? நானா?"

"நீங்க இல்ல முதலாளி. அது எனக்கும் கர்த்தருக்கும் உள்ளது."

"அப்ப அவர்கிட்டயே துணி வாங்கிக்கிட வேண்டியதுதான" என்றார் அவர். ஆனால் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லாட்டி என்ன ஆகியிருக்கும் தெரியுமா? இங்க ஒருத்தன் பத்துச் சுருள்ல ஒண்ணப் பிரிச்சுப் பாப்பான். மாட்டுனா இந்தக்கா கதை அன்னைக்கே முடிஞ்சிருக்கும். மாட்டாட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும். ரெண்டுல எது நடந்தாலும் உங்க கார் மட்டும் நல்லா இருந்திருக்கும்."

 

துணியின் விலையை நான் ஏற்க வேண்டும் என்றார், ஏற்றேன். அக்காவுக்கு அதே அளவு துணியை மறுபடியும் தருவதாகவும், ஏற்கெனவே தரவேண்டியிருந்த நாளிலேயே அதை முடித்துக் கொடுத்தால் தொடர்ந்து தருவதாகவும் சொன்னார். கெடுவுக்கு ஐந்து நாட்கள் இருந்தன. இன்னொரு நிபந்தனை எனக்கு. "அந்தச் சுவருக்குப் பக்கத்துல தூசி பறந்தா, அந்த முற்றத்துக்குத் துணி வராது. நானே வந்து பாப்பேன். கார நிறுத்துங்க, இல்ல தூசிய நிறுத்துங்க."

கறைபட்ட துணியை எங்களிடமே திருப்பித் தந்தார். ஆனால் முழுதாக எடுத்துப்போக விடவில்லை. கழிவுத் துணியைக் கிழித்துத்தான் வெளியே விடவேண்டும். இல்லையென்றால் எவனாவது எடுத்துச் சுருட்டி விற்றுவிடுவான் என்றார். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து, தாம் காயவைத்த துணியைத் தாமே கிழித்தார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு கிழிசலுக்கும் மெல்லிய சத்தம் ஒன்று எழுந்தது. 

அந்த ஐந்து நாட்களும் மாலையில் பேருந்தை விட்டு இறங்கியதும் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் வெட்டினார், நான் கைப்பிடி இயந்திரத்தில் சுருள் சுற்றினேன். அப்பாவும் வந்தார். அவர் சுற்றிய முதல் சுருளை அக்கா தூக்கிப் பார்த்து, "இது பேண்டேஜா, அல்வாப் பொட்டலமா?" என்று பிரித்துப் போட்டார். பிறகு அப்பா சுருள்களுக்குத் தாள் ஒட்டும் வேலைக்கு மாற்றப்பட்டார். அதில் குறை சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை பகலில் துணி போய்ச் சேர்ந்தது. முதலாளியின் ஆள் பிரித்துப் பார்த்தான், வெள்ளையாக இருந்தது.

கார் மீதம் இருந்தது. பதிவுக்கு இன்னும் பத்து நாட்கள். விட்டுவிடலாம் என்று அப்பா சொன்னார். அக்காவே அதற்கு ஒப்பவில்லை. "என் துணியும் போயி, காரும் இரும்புக் கடைக்குப் போனா, என்னத்துக்கு அம்புட்டுப் பாடு?" என்றார்.

இந்த முறை பெயிண்டர் சொன்னபடியே செய்தேன். காற்றின் போக்கைப் பார்த்து, வண்டியை வேம்புக்கு மேற்கே, சுவரிலிருந்து தள்ளி நிறுத்தினேன். உலர்ந்த உப்புத்தாள் வண்டியைத் தொடவில்லை. தண்ணீருக்காக யாருடைய குடத்தையும் தொடவும் இல்லை. துணி துவைத்த பிறகு வீட்டில் மிஞ்சும் கடைசி அலசல் நீரை அண்டாவில் சேர்த்துவைத்தேன். ஒரு கதவுக்கு ஒரு வாளிகூட ஆகவில்லை என்பதைப் பார்த்தபோது, முதலிலேயே அளந்து பார்த்திருக்கலாமே என்று வெட்கமாக இருந்தது. வண்டிக்கு அடியில் தார்ப்பாய் விரித்து, வழிந்த நீலச் சேற்றைக் கிழித்த துணியில் வடிகட்டி, வண்டலை டப்பாவில் அடைத்தேன். காம்பவுண்டு தேய்க்கவும் அந்தத் துணிதான். பஞ்சுக் கழிவில் இருந்த துணுக்கு எதுவும் இல்லாத, நன்றாக வெளுத்த துணி. காம்பவுண்டை உறிஞ்சி வண்டியை மினுக்கியது. இடது கதவின் கீறல்கள்கூட மெல்ல மெல்ல அமுங்கின. ஒவ்வொரு துண்டும் வெள்ளையாக உள்ளே போய் நீலமாக வெளியே வந்தது. விடிந்ததும் ஒரு மணி நேரம், வேலை முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம். தோள் கடுத்தது. ஒருநாளும் நிறுத்தவில்லை.

பானெட்டின் நடு விளிம்பில் விரல் நீளத்துக்குப் பிரைமர் தெரிந்துவிட்டது. முதலில் தண்ணீரில்லாமல் அவசரமாகத் தேய்த்த இடம் அது. அதன் மேல் வேறு பெயிண்ட் வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆய்வாளர் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். விரலை இழுத்துப் பார்த்தார், எதுவும் ஒட்டவில்லை. அந்த விளிம்பில் மட்டும் நின்றார்.

"இது என்ன?"

"அவசரப்பட்டுட்டேன் சார்."

"ம். நீலந்தான்" என்று சொல்லிப் புத்தகத்தில் எழுதினார். அப்பா என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துக்கொண்டு, "நான் அன்னைக்கே சொன்னேன்ல சார்" என்றார்.

அதன் பிறகு மாறியவை இவை. அக்கா வீட்டுக்குத் துணி தொடர்ந்து வருகிறது; சனிக்கிழமை மாலையில் ஈரமோ காய்ந்ததோ, கொடிகளை அவிழ்த்துத் துணியை உள்ளே எடுத்துவிடுகிறார். துணி நிறுத்தப்பட்ட அந்தப் பெண்ணை நான் தேடிப்போய்ப் பார்த்தேன். அவருக்காக முதலாளியிடம் அக்கா பேசியிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை. வண்டல் டப்பா மூடியபடி என் வீட்டில் இருக்கிறது. அதை எங்கே பத்திரமாகக் கொடுப்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தூசி பற்றிய என் வகுப்பு முன்பெல்லாம் முகக்கவசத்தில் தொடங்கும். இப்போது எல்லோரையும் வெளியே அழைத்துப்போய், காற்று எந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தொடங்குகிறேன்.